இருநூற்றுப் பதினேழு யூனிட்

ஞாயிறு காலை ஆறரை, பீச் ஸ்டேஷன் வாசல்.
முந்நூற்றைம்பது ரூபாய் கட்டிப்
பதினோரு பேரில் ஒருத்தியாய் நின்றேன்.
துணித் தொப்பி, தண்ணீர் பாட்டில், தோளில் கேமரா,
எல்லாரும் அடையாறு, அண்ணாநகர்.
"நீங்க?"
"தண்டையார்பேட்டை."
"அட, பக்கத்துலயே!" என்றாள் யாழ்மொழி,
நடையை நடத்துகிறவள்.
என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பது வருடமாய் இந்தத் தெருக்களை
இணைப்பு எண்களாய் அறிவேன்.
எந்தப் படிக்கட்டில் எத்தனையாவது படி ஆடும்,
எந்த நாய் கடிக்கும், எது நடிக்கும்,
எந்தப் பெட்டிக்குள் பல்லி முட்டையிடும்.
நிமிர்ந்து பார்த்ததில்லை, அதுதான் குறை.
மீட்டர் இருப்பது எப்போதும்
மாடிப்படிக்குக் கீழே.

நிமிர்ந்தேன்.
பவழக்காரத் தெருவில் கொக்கி ஒயர்களுக்கு மேலே
சுதையில் செய்த இரண்டு கிளிகள்.
ஒன்றுக்கு அலகில்லை.
இதன் கீழேதானே வியர்த்து வழிய
எத்தனை முறை பேனா தேடியிருக்கிறேன்!

அர்மீனியன் தெரு
அரண்மனைக்காரன் தெருவானது நாக்கு செய்த வேலை
என்றாள் யாழ்மொழி. சிரித்தார்கள்.
கோயிலுக்குள் தரையெல்லாம் கல்லறை எழுத்து.
நான் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த திருப்பத்தில் மூன்று மாடி உயரத்துக்கு
ஒரு மீன்காரியின் முகம், புதுப் பெயின்ட்.
மூக்குத்திக்கு நேராக ஏசி தண்ணீர்
சொட்டிக்கொண்டிருந்தது.
"யாருங்க இவங்க?"
இரும்புக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கியபடி,
"தெரியாதும்மா. வந்தாங்க, வரைஞ்சாங்க,
டீ குடிச்சாங்க, போனாங்க."

பிறகு ஏலக்காய்க்காரன் சந்து.
பர்மாத் தேக்குக் கதவு, பித்தளைக் குமிழ்,
தேங்காய் அளவு பூட்டு.
யாழ்மொழி குரலைத் தாழ்த்தினாள்:
"அறுபது வருஷமா இங்கே யாருமே இல்ல."
பத்து கேமராக்களும் பூட்டைப் படம் பிடித்தன.

எனக்குள் கணக்கு ஓடியது.
போன தடவை இருநூற்றுப் பதினேழு.
அதற்கு முன் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
மே மாதம் இருநூற்று நாற்பது.
ஆளில்லாத வீடு விளக்கு எரிக்குமா?

"பின்பக்கம் ஒரு கதவு இருக்கு" என்றேன்.

மிளகாய் மண்டி வழியே, தும்மித் தும்மி.
உள்ளே நான்கு கேரம் பலகை,
ஒவ்வொன்றின் நெற்றிக்கு மேலும்
தாழத் தொங்கும் தகரக் குடை விளக்கு.
சுண்ணாம்புப் பவுடர் வாசம்.
காசிமேட்டில் ஐஸ் இறக்கிவிட்டு
விடியலில் நேராக வந்த பையன்கள்.
அவர்களை வரிசையாகத் தோற்கடித்துக்கொண்டிருந்தாள்
தில்ஷாத்.

தலை தூக்கினாள். கேமராக்களை அவள் பார்க்கவில்லை.
"இன்னாக்கா, ஞாயித்துக்கெயமையில கூடவா ரீடிங்கு?"

பத்துப் பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.
யாழ்மொழியின் கையில் இருந்த குறிப்பேடு
மெல்ல மூடிக்கொண்டது.

"ரீடிங் இல்ல. சும்மா பார்க்க வந்தேன்."
"இன்னாத்த?"
"மேல."

மேலே ஒன்றும் தெரியவில்லை, குடைக்கு மேல் இருட்டு.
தில்ஷாத் ஒரு விரலால் விளக்கின் விளிம்பைத் தட்டினாள்.
வெளிச்சம் புரண்டு உத்தரத்தில் ஏறியது:
கொடி, கொடியில் பழம்,
பழத்தைக் கொத்த வந்து
பாதி இறகு உதிர்ந்த ஒரு நீலப் பறவை.

"ஆறு வருசமா ஆடுறேன்" என்றாள்.
ஐஸ் பையன் ஒருவன் வாயைத் திறந்தபடி நின்றான்.
கேமராக்களுக்கு அந்த வெளிச்சம் போதவில்லை.

"செரி, போதும்."
விளக்கை நேராக்கினாள்.
பலகை நடுவில் ரெட் அப்படியே இருந்தது.
அடித்தாள், விழுந்தது.

வெளியே வரும்போது பழக்கதோஷம்,
படிக்குக் கீழே குனிந்து பெட்டியைத் திறந்தேன்.
சிவப்புப் பொட்டு மினுக்கிக்கொண்டிருந்தது.
பதினாலாயிரத்து முந்நூற்று ஆறு.